பொகவந்தலாவையில் ஒரு கை கொழுந்து

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் கேட்டது காப்பி. கிடைத்தது தேத்தண்ணி. பால் இல்லை, சீனியும் கலக்கவில்லை. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிக்க வேண்டுமாம். "காப்பியே கிடையாதுங்களா?" என்று கடை முதலாளியைக் கேட்டேன். தொப்பி போட்ட அந்த முஸ்லிம் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்லருந்து வர்றீங்களாக்கும். தேயிலைக்கு நடுவுல வந்து காப்பி கேக்குறீங்களே, காவேரிக் கரையில நின்னுக்கிட்டு கெணத்துத் தண்ணி கேப்பீங்களா?" என்றார். திருச்சிக்காரனிடமே காவேரியைக் காட்டிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இரண்டாவது கிளாசும் வாங்கிக் குடித்தேன். அந்தக் குளிருக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

நான் ஊர் சுற்ற வந்தவன் அல்ல. என் தங்கை காமாட்சி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அத்தை மகன் வேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நடுவில் பாஸ்போர்ட், விசா என்று வந்து கடல் அகலமாகிவிட்டது. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தைப்பொங்கல் முடிந்ததும் அவளிடமிருந்து கோணல் எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. "அண்ணே, மூச்சு வாங்குதுன்னு கொழும்புக்கு அனுப்புனாங்க. கை நரம்பு வழியா நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க. இங்கிலீசுல ரெண்டு காகிதம் குடுத்திருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ வந்து படிச்சுச் சொல்லு."

திருச்சி ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருபது வருஷமாக இங்கிலீஷில் எழுதிக் கிழிக்கிற ஒரே ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான். லீவு போட்டு, விசா வாங்கி, பெட்டியில் முறுக்கும் ஒரு பாக்கெட் டிக்‌ஷனரியும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹட்டனிலிருந்து போகும் பஸ், மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் எட்டிப் பார்க்கக்கூடாத பள்ளம். தோட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே பஸ் முனகிக்கொண்டு நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். என்ன ஆயிற்று என்று பதறினேன். கோழிக்கூடையோடு இறங்கிய ஒரு அம்மாள், "ஒண்ணும் ஆகலீங்க. இந்த ஏத்தத்துல சுமையோட வராது. தெனமும் இப்புடித்தான், நாங்க நடந்துருவோம்" என்றாள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே டிக்கெட் வாங்கினவர்கள் பஸ்ஸுக்கு இரக்கப்படுகிறார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு. வீடு என்றால் ஒரு அறை, முன்னால் ஒரு சின்ன இடம். காமாட்சி வாசலில் நின்றாள். பதினெட்டு வயதில் அனுப்பிவைத்த பெண்ணை முப்பத்துமூன்று வயதில் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. குளிர்தேசத்து நிறம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததை அன்று கவனிக்கவில்லை. "வந்துட்டியா அண்ணே" என்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் பெண்கள் இரண்டு பேரும் இந்தப் புது மாமாவை வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலு தகரப் பெட்டியிலிருந்து அந்த இரண்டு காகிதங்களையும் எடுத்து வந்தான். பக்கத்து வீட்டுச் செல்லம்மாவும் வந்து உட்கார்ந்தாள். காமாட்சிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள் அவள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, டிக்‌ஷனரியைப் பிரித்து, ஏதோ தீர்ப்புச் சொல்லப்போகிற ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தேன்.

முதல் காகிதத்தில் பாதிச் சொற்கள் என் டிக்‌ஷனரியிலேயே இல்லை. இதயம் தெரிந்தது, நுரையீரல் தெரிந்தது. நுரையீரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் ரத்த அழுத்தம் எழுபது என்று போட்டிருந்தது. எங்கள் ரயில்வே டாக்டர் வருஷா வருஷம் கையில் பட்டை கட்டி என் அழுத்தத்தைப் பார்ப்பார். நூற்றிருபது இருந்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "எழுபதுதானே! நூத்திருபதுக்கு எவ்வளவோ கீழே இருக்கு. பயப்பட ஒண்ணுமில்லே."

இரண்டாவது காகிதம் எனக்குச் சாதகமாகவே இருந்தது. "தோட்டத்து மருந்துக்காரரின் கடிதப்படி நோயாளி தினமும் முழுவேலை செய்கிறார், சிரமம் எதுவும் இல்லை. ஆகவே இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம்." அதை உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன். வேலு எழுந்து நின்று கும்பிட்டான். "மச்சான், மூணு மாசமா நான் ஒழுங்கா சாப்புடல" என்றான். அன்று கோழி அடித்தார்கள். தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும் அதோடு சேர்ந்தபோது காப்பியை மறந்தே போனேன். காமாட்சியும் செல்லம்மாவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை என் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

புத்திக்கு உறைக்க ஒரு நாள் ஆயிற்று. லயத்திலிருந்து, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு ஐம்பது அறுபது அடி ஏற்றம் இருக்கும். திங்கட்கிழமை விடியற்காலையில் காமாட்சி குடத்தோடு போனாள். வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எழுந்து போய் மறுபடி உட்கார்ந்தாள். பீலிக்குப் பக்கத்தில் மூன்றாம் தடவை. வெறுங்குடத்தோடு இப்படி ஏறுகிறவள், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் முழுவேலை எப்படிச் செய்கிறாள்? காகிதத்தில் ஏதோ பொய் இருக்கிறது என்று தோன்றியது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மடுவம் என்கிற அந்த நிறுவைக் கொட்டகைக்குப் போய் ஒரு தூண் ஓரமாக நின்றேன். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அது கொழுந்து கொழிக்கும் ஏப்ரல் மாதம், கூடையெல்லாம் கோபுரம். முன்னால் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து றாத்தல் சொல்லிப் புத்தகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். சொன்ன அளவு பறித்தவளுக்கு அன்று முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். அரைப்பேராகவே வந்துகொண்டிருந்தால் சீக்காளி என்று எழுதி மலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

காமாட்சி வரிசையின் நடுவில் நின்றாள். அவள் கூடை பாதிதான் இருந்தது. வரிசை நகர நகர, முன்னால் நின்றவள் திரும்பி என்னவோ பேசுகிற சாக்கில் ஒரு கை கொழுந்தை அள்ளி அதில் போட்டாள். பின்னால் நின்ற செல்லம்மா ஒரு கை. அதற்குப் பின்னால் இருந்தவள் எட்டி வந்து ஒரு கை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தராசுக்குப் போய்ச் சேர்ந்தபோது காமாட்சியின் கூடையும் கோபுரம் கட்டியிருந்தது. கணக்கப்பிள்ளை நிமிராமலே எழுதினார். அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்துக்காரர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் கொழும்பு டாக்டர் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறார். நானும் அதையே இங்கிலீஷில் படித்து, கோழி தின்றிருக்கிறேன்.

சாயந்தரம் செல்லம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எல்லாரும் சேந்து அவளைக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "என்னண்ணே பேசுறீங்க? எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆகி எந்திரிக்க முடியாம கெடந்தப்ப, என் கூடையில இவதான் போட்டா. இந்த மலையில ஒருத்திக்கு முடியலேன்னா மத்தவ போடுவோம். அது எங்களுக்குள்ள வழமை. ஒரு கை கொழுந்து போடுறது பாவமா?" அவள் கண் கலங்கியதும் என் கோபம் இறங்கிவிட்டது. பாவம் இல்லைதான். ஆனால் அந்த ஒரு கை கொழுந்து கொழும்புவரை போய், அங்கே ஒரு டாக்டரின் கண்ணை மறைத்துவிட்டது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

காமாட்சி மட்டும் பிடிவாதம் பிடித்தாள். "யாருகிட்டயும் சொல்லாத அண்ணே. பேர வெட்டிருவாங்க. போட்டவளுகளுக்கும் கேடு வரும்." ஒரு வருஷம் கழித்துப் போகிறேன் என்றாள். அந்த ஒரு வருஷம் அவளிடம் இருக்கிறதா என்பதுதான் என் பயம்.

மறுநாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அந்த மருந்துக்காரரைப் பார்க்கப் போனேன். கொழுந்து விஷயத்தைச் சொல்லவில்லை. கொழும்பு டாக்டரிடம் நேரில் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நல்ல மனுஷன். "கொழும்புக்கு ஏங்க போறீங்க? இது நுவரெலியா சீசன். பெரிய ஆளுங்க எல்லாம் குளிருக்கு மேல வந்துட்டாங்க. அவரும் அங்க ஒரு பங்களா எடுத்துத் தங்கியிருக்காரு. லீவுல இருக்காரு, பாப்பாரான்னு தெரியாது" என்றார். பங்களா இருக்கும் இடத்தையும் சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

புதன்கிழமை காமாட்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ். நுவரெலியா நம் ஊட்டிக்குத் தங்கை மாதிரி இருக்கிறது. குதிரைப் பந்தயம், மலர்க்கண்காட்சி, தொப்பி வைத்த பெண்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு நாய்கூடப் போனது. நான் மட்டும் எட்டு முழ வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த ஒரு சிங்களக் கிழவர் என் காலைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று காமாட்சியைக் கேட்டேன். "உங்க ஊருல காலுக்குக் குளிராதான்னு கேக்குறாரு" என்றாள். அவளுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பங்களா ஒரு மேட்டில் இருந்தது. கேட்டிலிருந்து வராந்தாவரை முப்பது படி இருக்கும், இரண்டு பக்கமும் பூச்செடி. நான் முதலில் ஏறினேன். வராந்தாவில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "நான் ஓய்வில் இருக்கிறேன். கொழும்பு கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்" என்றார்.

நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அவர் பார்வை என்னைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது. காமாட்சி ஐந்து படி ஏறினாள், நின்று ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஐந்து படி, இன்னொரு பூ. மூன்றாவது இடத்தில் பூவே இல்லை. வெறும் இலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். "உங்கள் தங்கைக்குப் பூ என்றால் அவ்வளவு ஆசையா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து படியில் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

உள்ளே உட்காரவைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, காகிதங்களை வாங்கிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "முழுவேலை செய்கிறாளா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். "செய்றேன்னு சொல்லு அண்ணே. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் காமாட்சி.

அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் நம்பிக்கையைக் கெடுத்தவன் ஆவேன், பொய்யைச் சொன்னால் அவளையே இழந்துவிடுவேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிறுவயதில் நான் அழுதால் பதறுகிற அதே பார்வை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, தானாகவே சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள். கடைவீதிச் சிங்களம்தான், ஆனால் தடையில்லாமல் வந்தது. இரண்டு கைகளையும் குவித்து அள்ளிப் போடுவது போலக் காட்டினாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. கடைசியில் கும்பிட்டாள்.

டாக்டர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார்: "அவள் பறிப்பது பாதிதானாம். மீதி மற்றப் பெண்கள் போடுவதாம். இதைத் தோட்டத்துக்கு எழுத வேண்டாம் என்று கும்பிடுகிறாள்." பிறகு அந்த முதல் காகிதத்தை விரலால் தட்டிக் காட்டினார். "இந்த அழுத்தத்தோடு ஒருத்தி முழுவேலை செய்கிறாள் என்றதும் எனக்கே குழப்பமாக இருந்தது. என் கருவியைக்கூடச் சந்தேகப்பட்டேன்."

"எழுபது குறைவுதானே?" என்றேன், என் படிப்பை விடாமல்.

"அது கைக்கு உள்ள கணக்கு. நுரையீரல் நாளத்துக்கு இருபத்தைந்து போதும்" என்றார். அவர் காகிதத்தின் பின்புறம் படம் போட்டார். இதயத்துக்குள் ஒரு கதவு. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். அது சுருங்கி இறுகிவிட்டது. ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. அதனால் அங்கே அழுத்தம். "சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா?" என்று கேட்டார்.

வீங்கியது. ஒன்பது வயதில். முழங்கால் இரண்டும் பானையாக வீங்கி, இரண்டு மாதம் நான்தான் அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். அந்தக் காய்ச்சல்தான் கதவைக் கெடுத்ததாம்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முன்னால் சிக்னல் விழாவிட்டால் வண்டிகள் பின்னால் பொன்மலைவரை நிற்கும். நின்ற வண்டிகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, சிக்னலைப் பார்க்க வேண்டும். அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் மாணவர்கள் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்வதில்லை. நெஞ்சைத் திறந்து, உள்ளே விரலை விட்டு அந்தச் சிக்னலைத் திறந்துவிடலாம். கொழும்பில் செய்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் தானாக இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரு வருஷம் விட்டால் நாளங்கள் தடித்துப்போகும். அப்புறம் கதவைத் திறந்தும் பலன் குறைவு. அடுத்த வாரமே வந்து சேரட்டும்."

இவ்வளவு பெரிய நோய் என்று கேட்டும் மனசு லேசானது எனக்கே ஆச்சரியம். நோய்க்கு ஒரு பேர் இருக்கிறது, அதற்கு ஒரு கதவும் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி கேக்கும் காப்பியும் கொண்டுவந்தார். ஆமாம், காப்பி. மகா மட்டமான காப்பி. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். தோட்டத்துக்கு டாக்டர் எழுதிய கடிதத்தில் அவசரமாக அனுப்பவும், குணமாகித் திரும்பும்வரை வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கவும் என்றுதான் இருந்தது. கொழுந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்று ஹட்டனிலேயே வேலுவுக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். அந்தக் கொண்டை ஊசி வளைவில் பஸ் வழக்கம்போல முனகிக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் எழுந்தேன். காமாட்சி சீட்டை விட்டு அசையவில்லை.

"எறங்கும்மா" என்றான் கண்டக்டர் தமிழில்.

"என்னால முடியாது தம்பி. எனக்கு நெஞ்சுல சீக்கு. ஏறுனா மூச்சு வாங்கும்" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

கீழே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்துக்காரர்களும் அதில் இருந்தார்கள். கண்டக்டர் தலையைச் சொறிந்தான். டிரைவர் மட்டும் திரும்பாமலே, "இருக்கட்டும், ஒரு ஆள் தாங்கும்" என்றார். பஸ் மெதுவாக ஏறியது. நாங்கள் பின்னால் நடந்தோம். பின்பக்கக் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. பல வருஷத்துக்குப் பிறகு, மூச்சு வாங்காமல் அந்த மேட்டை ஏறினாள்.

அடுத்த வாரம் அவளைக் கொழும்பு வார்டில் சேர்த்துவிட்டு, லீவு தீர்ந்ததால் மனசை அங்கேயே வைத்துவிட்டுத் திருச்சி திரும்பினேன். ஒரு மாதம் கழித்து கூட்ஸ் ஆபீசுக்குத் தந்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, நலம். தந்தியைப் படித்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

மார்கழியில் கடிதம் வந்தது. அதே கோணல் எழுத்து.

"அண்ணே, நேத்துலருந்து மறுபடி மலைக்குப் போறேன். பீலிக்கு ஒரே மூச்சுல போயிட்டு வந்துர்றேன். மத்தியானம் நிறுக்கிறப்ப செல்லம்மா பழக்க தோசத்துல ஒரு கை போட வந்தா. கூடையத் திருப்பிக்கிட்டேன். கை இன்னும் பழகல, அரைப்பேர்தான் கெடச்சுச்சு. அத்தனையும் நான் பறிச்சது அண்ணே."